தாவரவியல் பூங்காவும் பெரோத்தேயும்

பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள தாவரவியல் பூங்காவை எங்கள் பிரெஞ்சு வாத்தியார் 'ழார்தேன் பொத்தானிக்' என்றுதான் சொல்வார். நாம் இன்று காலையில் நடக்கப் போகும் இந்த இடத்தை 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது யாருடைய உடல்நலத்துக்காகவும் அல்ல. எந்தச் செடி இந்த மண்ணில் பிடிக்கும், எதில் வருமானம் வரும் என்று பார்க்கத்தான்.

இங்கே மரம் வளர்த்தவர்களில் பெரோத்தே முக்கியமானவர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, செனகலில் செடி சேகரித்து, நீலகிரி மலையிலும் அலைந்தவர். அவுரிச் சாயம் பற்றி 1842-இல் ஒரு புத்தகமே போட்டார். 1870-இல் புதுச்சேரியிலேயே காலமானார். நாற்காலியை விட்டு எழாமல் கோப்பு பார்த்தே ஓய்வு பெற்ற எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமைதான்.

2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் அடித்தது. பூங்காவில் எத்தனையோ பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன. சிறுவயதில் வாத்தியார் என்னை நிறுத்தி, லத்தீன் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்த மரத்தைத் தேடிப் போனேன். பள்ளம்தான் இருந்தது, அதில் மழைத்தண்ணீர். இப்போது அங்கே மண் மூடி, புல் முளைத்துவிட்டது. நடக்கும்போது அந்த இடத்தில் மட்டும் வெயில் நேராகத் தலையில் இறங்குகிறது.