மோட்டார் சைக்கிளும் வீட்டு மிஸ்திரியும்

டில்லியில் வாழ்ந்த முந்திய தலைமுறைத் தமிழர்கள் 'பட்பட்டி' என்னும் வண்டியை மறந்திருக்கமாட்டார்கள். கன்னாட் பிளேசிலிருந்து கரோல் பாகிற்கும் செங்கோட்டைக்கும் அது ஓடிற்று. கரோல் பாகில் குடியிருந்து அலுவலகம் சென்ற நம்மவர் பலர் அதில் ஏறியவர்களே. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் இராணுவத்திற்கு வேண்டாதனவாகிப்போன ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களே அவ்வண்டிக்கு மூலம். முன்பாதி அமெரிக்காவிலும் பின்பாதி டில்லிப் பட்டறையிலும் பிறந்தன. பின்சக்கரத்தை நீக்கிவிட்டு, இரு சக்கரமுள்ள கூண்டொன்றை இணைத்து, அதில் பிரயாணிகளை அமர்த்தினார்கள். 1990-களின் இறுதியில் காற்று மாசு காரணமாக அவை தெருவிலிருந்து அகற்றப்படும்வரை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்காலம் அவை ஓடின.

உற்பத்தி செய்த நிறுவனம் கடலுக்கு அப்பால் இருக்க, உதிரிப்பாகமும் கிட்டாத நாட்டில், ஓர் இயந்திரம் ஐம்பது ஆண்டு எவ்வாறு ஓடியது? உடைந்த பாகத்தைக் கடைசல் யந்திரத்தில் கடைந்தார்கள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பொருத்தினார்கள். பிற்காலத்தில் எஞ்சினையே மாற்றி டீசல் எஞ்சின் வைத்தார்கள். இந்நாட்டில் மோட்டார் சைக்கிளின் வரலாற்றைத் தொழிற்சாலைகளின் வரலாறாகவே எழுதுவது வழக்கம். ஓட்டியவர் கையில் பிடித்த ஸ்பானரின் வரலாறாகவும் அதனை எழுதலாம் என்பது நம் கருத்து.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு புல்லட் ஆகும். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊர் ஊசி செய்வதற்குப் பெயர்பெற்றது. அவ்வூர் ஊசித் தொழிலிலிருந்து கிளைத்த நிறுவனமே ராயல் என்ஃபீல்டு. துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்ததால், அத்தொழிற்சாலை இருந்த என்ஃபீல்டு என்னும் ஊரின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அதன் முதல் மோட்டார் சைக்கிள் 1901-இல் வெளிவந்தது. புல்லட் என்ற பெயர் 1930-களில் தோன்றியது. நாம் இன்று அறியும் வடிவம் 1940-களின் இறுதியில் அமைந்தது. 1950-களின் தொடக்கத்தில் நம் இராணுவம் எல்லைப்புறச் சாலைகளுக்காக இவ்வண்டியைத் தேர்ந்தெடுத்தது. அதன் பயனாக 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் அமைந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் பாகங்கள் கப்பலில் வந்தன; இங்கே பூட்டப்பட்டன. பின்னர் ஒவ்வொன்றாக இங்கேயே செய்யப்பட்டன. தாய் நிறுவனமோ 1967-இல் ரெட்டிச்சில் வேலையை நிறுத்தி, 1970-இல் முற்றிலும் மூடப்பட்டது. 1977 முதல் திருவொற்றியூர்ப் புல்லட் இங்கிலாந்திற்கே ஏற்றுமதியாயிற்று. தாய் மறைந்தபின் சேய் தாய்வீட்டுக்கு விருந்தாகச் சென்ற விந்தை இது.

அந்த வண்டி 1940-களின் அறிவைத் தன்னுள் அப்படியே வைத்திருந்தது. அதில் தானாகச் சரியாவது ஒன்றுமில்லை. எல்லாம் கையால் சரிசெய்ய வேண்டியவை. அதனைக் கிளப்புவதே ஒரு சடங்கு. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். முகப்பு விளக்கின் மேலுள்ள ஆம்மீட்டர் முள் ஒருபுறம் சாய்ந்திருக்கும். பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது எதிர்ப்புத் தெரியும். அவ்வமயம் பாயிண்ட் திறந்துகொள்வதால் முள் நடுவுக்குத் திரும்பும். உடனே இடக்கைப்பக்கமுள்ள டீகம்ப்ரெஸர் நெம்புகோலைப் பிடித்து, அழுத்தத்தை வெளியேற்றி, பிஸ்டனை உச்சிக்குச் சற்றே அப்பால் தள்ளி, நெம்புகோலை விட்டுவிட்டு, முழுப்பலத்தோடு உதைக்க வேண்டும். முறை தவறினால் கிக்கர் திருப்பி உதைக்கும், கணுக்கால் வீங்கும். ஆம்மீட்டர் என்பது மின்கலத்தின் நிலையைக் காட்டவே வைத்த கருவி. அதைக் கொண்டு பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கண்டுகொண்டது ஓட்டியவர்களின் சாமர்த்தியம்.

இனி, வழியில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது? அக்காலத்து வீட்டு மிஸ்திரிகள் இரண்டே கேள்விகளில் தொடங்குவார்கள். பெட்ரோல் வருகிறதா? பொறி வருகிறதா? பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதே முதல் வேலை. பிளக் ஈரமாயிருந்தால் பெட்ரோல் வந்துவிட்டது, பொறிதான் இல்லை என்பது பொருள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஈரமான பிளக்கைத் துடைத்து, அதன் உலோக உடல் சிலிண்டர் தலையில் படும்படி வைத்து, கிக்கரை உதைத்தால், நீலப்பொறி தெறிக்கிறதா என்று கண்ணாலேயே காணலாம். அவ்வாறு செய்யுமுன் சிந்திய பெட்ரோலைத் துடைத்து அப்புறப்படுத்தாமல் முகம் கருகியவர்களும் உண்டு.

பிளக்கின் நிறமும் ஒரு சாட்சி. இளம் பழுப்பு நன்று. உலர்ந்த கரி படிந்தால் பெட்ரோல் மிகை. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்து, எண்ணெய் எரிகிறது. மலைச்சாலைகளில் உயரம் ஏற ஏறக் காற்று மென்மையாகிறது. பெட்ரோல் அளவு மட்டும் குறைவதில்லை. ஆகவே சமவெளியில் பழுப்பாக இருந்த பிளக் இமயமலைப் பகுதியில் கறுப்பாகும். எல்லைப்புறத்தில் இவ்வண்டியை ஓட்டிய படைவீரர்க்கு இது அன்றாட அனுபவம்.

பெட்ரோல் வராமைக்குச் சிரிப்பூட்டும் ஒரு காரணம் உண்டு. டாங்கி மூடியில் காற்றுப் புகுவதற்கென்று நுண்ணிய துளையிருக்கும். அது அடைபட்டால், வண்டி சில மைல் ஓடி நிற்கும், சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஓடும், மீண்டும் நிற்கும். கார்புரேட்டரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிவிட்டு, கடைசியில் மூடியைத் திறந்தபோது 'உஸ்' என்று காற்று உள்ளே புகும் ஓசை கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டவர் பலர்.

பொறி வராமைக்குப் பெரும்பாலும் பாயிண்டே காரணம். இரு உலோகப் புள்ளிகள் ஒன்றையொன்று தட்டித் தட்டித் தேயும், கரியும். நுண்ணிய எமரித்தாளால் தேய்த்துத் துடைத்து, இடைவெளியை ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டருக்கு அமைக்க வேண்டும். அளக்கும் தகடு எல்லோரிடமும் இல்லை. சவர பிளேடு ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், ஆகவே நான்கு பிளேடுகளை ஒன்றாகச் சேர்த்தால் அளவு கிடைத்துவிடும். பாயிண்டில் பொறி மிகுதியாகப் பறந்து, எஞ்சின் சூடேறியதும் திணறினால், குற்றம் கண்டென்சருடையது. அதனைச் செப்பனிட இயலாது, மாற்றத்தான் வேண்டும். அதனால் முன்யோசனையுள்ளவர்கள் ஒரு பிளக்கையும் ஒரு கண்டென்சரையும் ஸ்பானர் பெட்டியிலேயே வைத்திருந்தார்கள்.

ஸ்பானர் பற்றியும் ஒரு வார்த்தை. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு மெட்ரிக் அளவை ஏற்றது, புல்லட் ஏற்கவில்லை. அதன் மரைகள் பிரிட்டிஷ் அளவிலேயே நெடுநாள் நீடித்தன. பின்னர் சில மட்டும் மெட்ரிக் ஆயின. ஒரே வண்டியில் இருவகை நட்டுகள்! பொருந்தாத ஸ்பானரைப் போட்டு நட்டின் மூலைகளை மழுக்கியவர் எத்தனை பேரோ! செக் நாட்டு வடிவமான ஜாவாவுக்கு இத்தொல்லை இல்லை. 1961 முதல் மைசூரில் உருவான அவ்வண்டியில் கிக்கரும் கியர் நெம்புகோலும் ஒன்றே. பரீதாபாதில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் செய்த ராஜ்தூத் போலந்து நாட்டு வடிவம். இவ்விரண்டும் இரு வீச்சு எஞ்சின்கள்; வால்வு இல்லை, டாப்பெட் இல்லை. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். மிகுந்தால் சைலன்சரில் கரி அடைந்து வண்டி மூச்சுத் திணறும். சைலன்சரைக் கழற்றிக் கரி சுரண்டுவது ஞாயிற்றுக்கிழமை வேலையாயிற்று.

வேற்று மாநிலத்தில் வாழ்பவர்க்கு இதில் தனிப் பயன் ஒன்று இருந்தது. நாகபுரிக்கோ கான்பூருக்கோ மாற்றலாகிப் போன தமிழர், இந்தியில் காய்கறி வாங்கவே தடுமாறிய காலத்திலும் மிஸ்திரியிடம் தடுமாறவில்லை. பிளக், பாயிண்ட், கண்டென்சர், செயின் என்பன எல்லா மொழிகளிலும் ஒன்றே. பிளக் கரியடைந்து பொறி தராததை 'பிளக் ஷார்ட்' என்று சென்னையிலும் சொல்வார்கள், டில்லியிலும் சொல்வார்கள். 'கச்ரா' என்றால் கார்புரேட்டரில் அடைந்த தூசு என்று வடக்கே வந்த சில நாளிலேயே விளங்கிவிடும். ஐந்து நிமிட வேலைக்கு எஞ்சினையே இறக்க வேண்டும் என்று சொல்லும் பட்டறைகள் எல்லா ஊரிலும் உண்டு; தன் வண்டியைத் தானே அறிந்தவரை ஏமாற்றுவது கடினம். மாதச் சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்பிய குடும்பத்தலைவர்க்கு இது சிறிய விஷயமன்று.

ஆயினும் அக்காலத்தைப் பொற்காலம் என்று பாட நாம் விரும்பவில்லை. வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு நெடுநாள் காத்திருந்த காலம் அது. வாங்குபவர்க்கு வேறு வழியில்லாததால் உற்பத்தியாளர்க்கு வடிவத்தைத் திருத்தும் அவசரமும் இல்லை. ஓட்டியவர் தாமே மிஸ்திரியானதற்கு ஆர்வம் பாதி, நிர்ப்பந்தம் பாதி. அதற்கு உடல் கொடுத்த விலையும் உண்டு. பாகங்களைப் பெட்ரோலில் கழுவுவது வழக்கம். கைகளையும் அதிலேயே கழுவினார்கள். 2000-ஆம் ஆண்டில் நாடெங்கும் நிறுத்தப்படும்வரை அப்பெட்ரோலில் ஈயச்சேர்மம் கலந்திருந்தது. அது தோலின் வழியாகவும் உடம்பிற்குள் செல்லக்கூடியது. பிரேக் கட்டைகளிலோ கல்நார் இருந்தது. சக்கரத்தைக் கழற்றி, டிரம்மிலுள்ள தூசியை வாயால் ஊதித் தள்ளியபோது, நுரையீரலைக் கெடுக்கும் கல்நார்த் தூளையே மூச்சில் வாங்கினார்கள். தந்தை ஊத, அருகில் ஸ்பானர் எடுத்துக்கொடுத்த பிள்ளையும் அதையே சுவாசித்தது. பழைய வண்டி வைத்திருப்போர் இன்றும் அத்தூசியை ஊதலாகாது. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவோடு 100 சி.சி. வண்டிகள் வந்தன. 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வெளிவந்தது, அதன் செயின் முழு உறைக்குள் இருந்தது. மழைக்காலத்தில் வாரந்தோறும் செயினைத் துடைத்து எண்ணெயிட்டவர்க்கு அந்த உறையின் அருமை தெரியும். படிப்படியாக மின்னணுப் பொறியமைப்பு பாயிண்டின் இடத்தைப் பிடித்தது. சவர பிளேடுகள் மீண்டும் சவரத்துக்கே போயின. மைசூர்த் தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. புல்லட் பிழைத்தது, 2008 முதல் புதிய எஞ்சின் படிப்படியாக வந்து, 2010-ஐ ஒட்டிப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் உற்பத்தி ஓய்ந்தது. 2020-இல் மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது கார்புரேட்டரும் போயிற்று. இன்றைய வண்டியில் சாவியைத் திருப்பியதும் டாங்கிக்குள் பெட்ரோல் பம்பு மெல்ல முனகும் ஓசை கேட்கும். அது கேட்கவில்லையெனில் முதலில் ஃப்யூஸைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் வருகிறதா என்ற பழைய கேள்விக்கு இன்று காதால் விடை காண்கிறோம்.

வீட்டில் செய்யக்கூடியவை இன்னும் சில எஞ்சியுள்ளன. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெயை வடித்து மாற்றலாம். செயினின் தொய்வைக் கையேட்டில் குறித்தபடி வைக்கலாம். ஓரிடத்தில் மட்டும் அளக்காமல் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தில் அளப்பது அவசியம். டயர்க் காற்றைக் குளிர்ந்த நிலையில் அளக்கலாம். பாயிண்டும் கண்டென்சரும் வேண்டுவோர், பழைய வண்டியைக் காதலிக்கும் கூட்டம் உள்ளவரை, டில்லியில் கரோல் பாகின் நாயிவாலா தெருவிலும், கல்கத்தாவில் மல்லிக் பஜாரிலும், நம் சென்னையில் புதுப்பேட்டையிலும் கேட்டுப் பார்க்கலாம். புல்லட் என்று மட்டும் சொன்னால் போதாது. வார்ப்பிரும்பு எஞ்சினா, புதியதா என்று கடைக்காரர் முதலில் கேட்பார்.