உணவு வங்கிகளுக்கு உள்ளாட்சி நிதி (இங்கிலாந்து)

வருமானம் போதாமல் தவிக்கும் குடும்பங்களுக்குச் சில நாட்களுக்கான மளிகைப் பொருட்களை இலவசமாகத் தரும் தொண்டு அமைப்பே உணவு வங்கி. இங்கிலாந்தில் இவற்றைப் பெரும்பாலும் தேவாலயங்களும் அறக்கட்டளைகளும் நடத்துகின்றன. கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றங்கள் பணமும் இடமும் கொடுத்து உதவுகின்றன. அந்தப் பணத்தில் பெரும்பகுதி மன்றம் தானே திரட்டியதன்று. நடுவண் அரசு ஒதுக்குவது மன்றத்தின் வழியாக உணவு வங்கியின் கிடங்கை அடைகிறது. குறுகிய காலத்துக்கென்று ஒதுக்கிய பணத்தைக் கொண்டு ஓயாத தேவையைச் சமாளிக்க வேண்டியிருந்ததே இந்த ஏற்பாட்டின் பெருங்குறை.

பின்னணி

1988 முதல் பிரிட்டனில் ‘சோஷியல் ஃபண்ட்’ என்ற அரசு நிதி இருந்தது. கையில் காசில்லாதவர் அவசரக் கடன் கேட்கலாம். வீடு மாறுவோரும் விடுதியிலிருந்து வெளியேறுவோரும் கட்டில், அடுப்பு வாங்க மானியம் பெறலாம். 2012ஆம் ஆண்டின் நலச் சீர்திருத்தச் சட்டப்படி இந்த இரண்டு உதவிகளும் 2013 ஏப்ரலில் நிறுத்தப்பட்டன. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் தத்தம் நாடு முழுமைக்குமான மாற்றுத் திட்டங்களை அமைத்துக்கொண்டன. இங்கிலாந்திலோ பொறுப்பு கவுன்சில்களிடம் விடப்பட்டது. முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தனிப் பணம் வந்தது. ஆனால் அதை இதற்குத்தான் செலவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2015 ஏப்ரலில் அந்தத் தனி ஒதுக்கீடும் நின்றது. நிதி நெருக்கடியில் இருந்த மன்றங்கள் பல திட்டத்தைச் சுருக்கின. சில அறவே மூடிவிட்டன. ஒரு தெருவுக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவருக்கு உதவி உண்டு, அந்தப் பக்கம் குடியிருப்பவருக்கு இல்லை என்ற நிலை உண்டானது.

அதே ஆண்டுகளில் உணவு வங்கிகள் பெருகின. பேடி ஹெண்டர்சன், கேரல் ஹெண்டர்சன் தம்பதியர் 1997இல் தொடங்கிய ட்ரஸ்ஸல் டிரஸ்ட், 2000இல் சாலிஸ்பரி நகரில் தன் முதல் உணவு வங்கியைத் திறந்தது. அதன் கிளைகள் பிரிட்டன் முழுவதும் கொடுத்த மூன்று நாள் பொட்டலங்கள் 2010–11இல் சுமார் 61,000. 2023–24இல் சுமார் 31 லட்சம். அந்த அமைப்பில் சேராத உணவு வங்கிகளும் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றின் பொட்டலங்கள் இந்தக் கணக்கில் சேரா. யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர் முதல் தொகைக்கு ஐந்து வாரம் காத்திருக்க நேர்வதும், 2016 முதல் 2020 வரை பல உதவித்தொகைகளை விலைவாசிக்கேற்ப உயர்த்தாமல் வைத்திருந்ததும் வரிசை நீண்டதற்கு முக்கியக் காரணங்கள். இரண்டும் நடுவண் அரசின் முடிவுகள். அவற்றின் விளைவைச் சமாளிக்கும் வேலை மட்டும் உள்ளூரின் தலையில் விழுந்தது.

பெருந்தொற்றும் அதன் பிறகும்

2020 கோடையில் உணவுக்கும் அத்தியாவசியப் பொருட்களுக்கும் என்று இங்கிலாந்தின் மன்றங்களுக்கு 6.3 கோடி பவுண்ட் வழங்கப்பட்டது. பள்ளி விடுமுறையில் ஏழைப் பிள்ளைகள் மதிய உணவு இல்லாமல் தவிப்பதைக் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டு நாடறியச் செய்தார். அந்த நவம்பரில் 17 கோடி பவுண்டில் குளிர்கால மானியத் திட்டம் அறிவிக்கப்பட்டது.

2021 அக்டோபரில் ‘ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்ட்’ என்ற குடும்ப உதவி நிதி வந்தது. பிரிட்டன் முழுமைக்கும் 50 கோடி பவுண்ட்; அதில் இங்கிலாந்தின் பங்கு 42.1 கோடி. ‘கவுண்டி’ எனப்படும் மேலடுக்குக் கவுன்சில்களுக்கும் ஒற்றையடுக்கு மன்றங்களுக்கும் அது பிரித்தளிக்கப்பட்டது. ஆறு மாதத் திட்டமாகத் தொடங்கிய அது அடுத்தடுத்து நீட்டிக்கப்பட்டு 2026 மார்ச் வரை வந்தது. நீட்டித்த விதம்தான் வேதனையானது. 2024 மார்ச் 31இல் முடியவிருந்த நிதிக்கு மார்ச் 6ஆம் தேதி பட்ஜெட்டில்தான் மறுவாழ்வு கிடைத்தது; அதுவும் ஆறு மாதத்துக்கு. அந்த செப்டம்பரிலும் தவணை முடியும் மாதம் பிறந்த பிறகே அடுத்த அறிவிப்பு வந்தது. கிடங்கு வாடகை, வேன், சம்பளத்துக்கு ஓர் ஆள் என்று திட்டமிட வேண்டிய உணவு வங்கி மேலாளர், அடுத்த மாதம் பணம் வருமா என்றே தெரியாமல் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியும்?

பணம் போகும் வழிகள்

இந்த நிதியில் பெரும் பங்கை விடுமுறைக் கால உணவுச் சீட்டுகளுக்காக மன்றங்கள் செலவிட்டன. பள்ளியில் இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளின் பெற்றோர் அந்தச் சீட்டைக் கொண்டு சூப்பர் மார்க்கெட்டில் பொருள் வாங்கலாம். இன்னொரு பகுதி எரிவாயு, மின் கட்டணத்துக்குப் போனது. உணவு வங்கிகளுக்கு நேரடி மானியமாகக் கிடைத்தது மிச்சத்தில் ஒரு பங்கே. ஆனாலும் பொதுமக்களின் நன்கொடை தேவைக்கு ஈடுகொடுக்காத நிலையில், காசு கொடுத்துச் சரக்கு வாங்க அந்த மானியமே உதவியது.

கணக்கில் எளிதில் தென்படாத உதவிகளும் உண்டு. அறக்கட்டளைகளின் கட்டடங்களுக்கு வணிகச் சொத்து வரியில் 80 விழுக்காட்டுத் தள்ளுபடி சட்டப்படியே கிடைக்கிறது. மீதி 20 விழுக்காட்டையும் விட்டுக்கொடுக்கும் அதிகாரம் மன்றத்திடம் இருக்கிறது. சில மன்றங்கள் காலியாக உள்ள மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குத் தருகின்றன. கடன், உதவித்தொகை குறித்து ஆலோசனை சொல்பவரை உணவு வங்கியிலேயே உட்காரவைக்கச் சம்பளம் கொடுக்கும் மன்றங்களும் உள்ளன. கிடைக்க வேண்டிய உதவித்தொகையை ஒருவருக்குப் பெற்றுத்தந்துவிட்டால் அவர் அடுத்த வாரம் வரிசையில் நிற்க வேண்டியிராது. ஆகவே இந்தச் செலவு, சரக்குக்குச் செய்யும் செலவைவிடப் பயனுள்ளது என்றே சொல்ல வேண்டும்.

ட்ரஸ்ஸல் கிளைகளில் பொதுவாகப் பரிந்துரைச் சீட்டு இருந்தால்தான் பொட்டலம் கிடைக்கும். மருத்துவர், பள்ளி, சமூகப் பணியாளர், ஆலோசனை மையம் ஆகியோரோடு கவுன்சில் அலுவலகமே அந்தச் சீட்டை எழுதிக் கொடுப்பதும் உண்டு. 2013க்கு முன் அரசிடமே அவசரப் பணம் கேட்டிருக்கக்கூடிய ஒருவரை, இன்று மன்ற ஊழியர் தேவாலயத்தின் பின்கட்டுக்கு அனுப்பிவைக்கிறார்.

பொட்டலமா, பணமா

உணவு வங்கிகளே இன்று ‘முதலில் பணம்’ என்ற கொள்கையை வலியுறுத்துகின்றன. பொட்டலத்தில் வருவது நாள்பட்டும் கெடாத டின் பொருட்களும் பாஸ்தாவும்தான். குழந்தைக்கு ஒவ்வாதது எது, வீட்டில் சமைக்கும் சாப்பாடு எது, அடுப்பெரிக்கக் காசு இருக்கிறதா என்று அந்தப் பொட்டலத்துக்குத் தெரியாது. பணம் கொடுத்தால் தாய் தன் பிள்ளைக்கு வேண்டியதைத் தானே தேர்ந்து வாங்குவாள். லீட்ஸ் நகரில் மன்றமும் ட்ரஸ்ஸல் அமைப்பும் சேர்ந்து நேரடிப் பண உதவியைச் சோதித்துப் பார்த்தன. உணவு வங்கியின் தேவையையே ஒழிப்பதற்கான திட்டத்தை ஸ்காட்லாந்து அரசு 2023 ஜூனில் இதே கொள்கையின் பெயரால் வெளியிட்டது. இடைப்பட்ட வழியாக, வாரம் சில பவுண்ட் சந்தா செலுத்தும் உறுப்பினர்கள் தாங்களே பொருளைத் தேர்ந்தெடுக்கும் ‘பேன்ட்ரி’ கடைகளும் பரவியுள்ளன. ஸ்டாக்போர்ட்டில் இவற்றைத் தொடங்கியது மன்றத்தின் வீட்டுவசதி நிறுவனம்.

2024 தேர்தலில் வென்ற தொழிற்கட்சி, மக்கள் பெருமளவில் அவசர உணவுப் பொட்டலங்களைச் சார்ந்திருக்கும் நிலையை முடிவுக்குக் கொண்டுவருவதாகத் தேர்தல் அறிக்கையில் வாக்களித்திருந்தது. 2025 ஜூனில் அரசு தன் செலவுத் திட்டத்தில் ‘க்ரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட்’ என்ற புதிய நிதியை அறிவித்தது. 2026 ஏப்ரல் முதல் ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்டுக்கும் வீட்டு வாடகைக்கான கூடுதல் உதவிக்கும் பதிலாக வரும் அது, இங்கிலாந்துக்கு ஆண்டுக்கு 84.2 கோடி பவுண்ட் என்ற அளவில் அமைந்தது. ஒதுக்கீடு பல ஆண்டுகளுக்கு என்பதால், ஆலோசகரை நிரந்தரமாக அமர்த்தவும் உணவு வங்கிகளோடு நீண்டகால ஒப்பந்தம் செய்யவும் மன்றங்களுக்கு வழி பிறந்தது.