படகோட்டிய ஈயக் கலம்

1838ஆம் ஆண்டில் ருஷ்ய நாட்டின் நேவா ஆற்றில், யாக்கோபி என்னும் அறிஞர் பாயும் கொதிகலமும் இன்றி மின்சாரத்தால் ஒரு படகைச் செலுத்திக் காட்டினார். ஆயின் அப்படகின் மின்கலங்களில் இருந்த துத்தநாகம் ஓட ஓடக் கரைந்தது. எரிந்த விறகு மீளாததுபோல் அதுவும் மீளவில்லை. செலவான மின்சாரத்தை மீண்டும் ஏற்றிக்கொள்ளும் கலம் கிட்டும்வரை மின்படகு ஒரு வேடிக்கைப் பொருளாகவே நின்றது.

அத்தகைய கலத்தை 1859இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே ஆக்கினார். ஒன்றையொன்று தொடாவண்ணம் சுருட்டிய இரண்டு ஈயத் தகடுகளை நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். தகடுகள் பக்குவப்பட, மின்சாரத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றியும் இறக்கியும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 1881இல் காமில் ஃபோர் என்பார் ஈய ஆக்ஸைடைக் குழைத்துத் தகட்டின்மேல் பூசினார். கொள்ளளவு பெருகிற்று, காத்திருப்பும் குறைந்தது.

பயன் உடனே தெரிந்தது. 1882இல் ‘எலெக்ட்ரிசிட்டி’ என்னும் படகு சேமக்கலங்களைச் சுமந்து லண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றில் ஓடியது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியின் நீர்வழிகளில் ஐம்பதுக்கு மேற்பட்ட மின்படகுகள் மக்களை ஏற்றிச் சென்றன.

இங்கேதான் ஓர் இக்கட்டு எழுந்தது. கரையில் நிற்கும் படகு காசு ஈட்டுவதில்லை. எனவே கலத்தில் விரைந்து மின்னேற்றிப் படகை மீண்டும் ஆற்றில் விடவே உரிமையாளர் மனம் விழையும். அவ்விரைவைக் கலம் பொறுக்குமா?

கலத்தினுள் நிகழ்வதைச் சற்று நோக்குவோம். மின்சாரம் செலவாகும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. மின்னேற்றும்போது அது மீண்டும் ஈயமாகவும் ஈய டையாக்ஸைடாகவும் மாறுகிறது. வெறுமையான கலம் பசித்தவனைப்போல் மிகுந்த மின்னோட்டத்தையும் ஏற்கும். ஐந்தில் நான்கு பங்கு நிறைந்தபின் அதன் ஏற்புத்திறன் குன்றுகிறது. அப்போதும் வலிந்து ஊட்டினால், மிஞ்சிய மின்சாரம் நீரைப் பிளந்து வாயுவாக்குகிறது. குமிழிகள் பூச்சை அரித்து உதிர்க்கின்றன; வெப்பம் மிகுந்து, நேர்த்தகட்டின் ஈயச் சட்டம் அரிபடுகிறது. உதிர்ந்த பூச்சு அடியில் குவிந்து தகடுகளை இணைத்துவிட்டால், கலத்தின் ஆயுள் முடிந்தது. எந்தப் பூச்சு காத்திருப்பைக் குறைத்ததோ, அதனையே அவசரம் உதிர்த்துவிடுகிறது.

அவ்வாறாயின் மிக மெதுவாகச் சிறிதளவு ஏற்றினால் போதுமோ எனின், அதுவும் தீதே. குறைவயிற்றோடு நாள்கணக்கில் கிடக்கும் கலத்தில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பின்னர் எவ்வளவு ஊட்டினும் கரையாது. படகுக் கலங்கள் பல, அதிக உழைப்பால் அன்றி, இவ்வாறு அரைகுறையாய்க் கிடந்தே மாள்கின்றன.

ஆகவே நடுவழியே நன்று. 100 ஆம்பியர்-மணிக் கலத்துக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்னோட்டம் என்பது பழகிய அளவு. வேகம் வேண்டின், தொடக்கத்தில் சிறிது கூட்டலாம். 12 வோல்ட் கலம் 14.4 வோல்ட்டை நெருங்கியதும் ஓட்டத்தைத் தணித்து, முழுதும் நிறையும்வரை பொறுத்தல் வேண்டும். பகலில் ஓட்டம், இரவில் ஊட்டம் என்னும் ஒழுங்கு அதற்கு ஏற்றது.

டில்லியிலோ கல்கத்தாவிலோ வாழும் நம்மிற் பலர்க்கு, மின்தடையின்போது விளக்கெரிக்க வீட்டு மூலையில் இருப்பதும் பெரும்பாலும் இவ்வீயக் கலமே. அதற்கும் இதுவே நெறி. பிளாந்தே மாதக்கணக்கில் காத்திருந்தார்; நாம் ஓர் இரவு காத்திருந்தால் போதும்.