கிதாரும் எந்திரமும்: 'ரைஸ் த பிரஷர்' ஆல்பத்தின் மீதான ஒரு தீர்ப்பு

பிற குழுக்களில் முன்பே பெயர்பெற்றவர்கள் கூடி அமைக்கும் குழுவைக் குறிக்கும் சூப்பர்குரூப் என்னும் வகையில் அடங்கும் 'எலக்ட்ரானிக்', 1996 ஜூலையில் தனது இரண்டாம் ஆல்பமான 'ரைஸ் த பிரஷர்' என்பதை வெளியிட்டது முதல், அது இரண்டாகப் பிளவுண்ட படைப்பு என்னும் தீர்ப்பே திறனாய்வில் வேரூன்றிவிட்டது. 1960களின் கிதார்ப் பாடல் மரபுக்குப் புத்துயிர் தந்த பிரிட்பாப் என்னும் அன்றைய பிரிட்டிஷ் இசைப்போக்குக்குக் குழுவின் கிதார்க் கலைஞர் ஜானி மார் வளைந்துகொடுத்தார் என்றும், 1990இல் கிராஃப்ட்வெர்க் என்னும் ஜெர்மன் எந்திர இசைக் குழுவிலிருந்து விலகிப் பின்னர் இவ்வால்பத்தில் பங்கேற்ற கார்ல் பார்ட்டோஸின் எந்திர இசை அதனுள் ஒட்டாமல் நின்றது என்றும் அத்தீர்ப்பு விரியும்.

இவ்வாசிப்பு ஆல்பத்தின் பாடலாக்கப் பதிவோடு, அதாவது எப்பாடலை எவர் ஆக்கினர் என உறையில் அச்சிட்ட குறிப்போடு, பொருந்தவில்லை. ஆல்பத்திலிருந்து இரண்டாவது தனிப்பாடலாக வெளிவந்த 'ஃபார் யூ', கேட்பவர் எவரும் தயங்காமல் கிதார் பாப் என்று வகைப்படுத்தக்கூடியது. பிளவு வாசிப்பின்படி அது முழுக்க மாரின் பக்கம் சேரவேண்டிய பாடல். ஆனால் அதன் ஆக்குநர்களாக மார், குழுவில் அவரது கூட்டாளியான சம்னர், பார்ட்டோஸ் மூவரும் குறிக்கப்பட்டுள்ளனர். எந்திரத்தின் பிரதிநிதியாகக் கருதப்பட்டவரே ஆல்பத்தின் மிகத் தெளிவான கிதார்ப் பாடலில் பங்குடையவர் என்றால், கிதார் ஒருவருடையது, சிந்தசைசர் மற்றவருடையது என்னும் பாகப்பிரிவினைக்கு அடிப்படை இல்லாமற்போகிறது.

ஒரு பாடலின் எந்தப் பகுதியை எவர் இயற்றினார் என்பதைப் பாடலாக்கப் பதிவு சொல்வதில்லை. ஆகவே அதை மட்டும் கொண்டு முடிவு கட்டுவது பொறுப்பற்றது. எனினும் பார்ட்டோஸின் முன்பின் படைப்புகள் அதே திசையையே காட்டுகின்றன. 1982இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எட்டிய கிராஃப்ட்வெர்க்கின் 'த மாடல்', அவர் இணையாக்குநராக இருந்த, அளவான மெட்டமைப்புக் கொண்ட பாப் பாடல்; எலக்ட்ரானிக்குடனான பணிக்குப் பின் 1998இல் அவர் வெளியிட்ட 'எலக்ட்ரிக் மியூசிக்' ஆல்பமோ வெளிப்படையாகவே கிதார் பாப். அவரை வெறும் எந்திர வல்லுநராகக் காண்பது கிராஃப்ட்வெர்க்கின் மேடைத் தோற்றத்தை அதன் உறுப்பினர்மீது ஏற்றிப் பார்ப்பதேயாகும். மாரைக் கிதாருக்குள் அடைப்பதும் அவ்வாறே.

1991இன் முதல் ஆல்பம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தையும் இது எட்டாம் இடத்தையும் பெற்றதைத் தோல்வியின் சான்றாகக் காட்டுவது வழக்கம். இடையில் முதல் ஆல்பத்தை வெளியிட்ட ஃபேக்டரி நிறுவனமே மூடப்பட்டு ஐந்தாண்டு கழிந்திருக்க, அச்சான்றை நீள விவாதிக்கத் தேவையில்லை. பிளவுத் தீர்ப்பு எப்படித் தோன்றியது என்று கேட்டால், 'ஃபர்பிட்டன் சிட்டி' என்னும் கிதார்ப் பாடல் ஆல்பத்தின் முதலிலும், முதல் தனிப்பாடலாகவும் இடம்பெற்றது திறனாய்வாளர் செவியை முன்கூட்டியே சாய்த்திருக்கலாம் என்பது ஓர் ஊகம் மட்டுமே.

இவ்வால்பத்திற்குக் குறையே இல்லை என்பதல்ல இங்கு வாதம். ஒலியடுக்கின்மேல் ஒலியடுக்கை ஏற்றி மெட்டு மூச்சுவிட இடமின்றிச் செய்யும் நெரிசல் இதில் உண்டு. அது ஹவுஸ் நடனத் தாளத்தில் செல்லும் பாடல்களிலும் கிதார்ப் பாடல்களிலும் ஒரே அளவில் இருக்கிறது. பதின்மூன்று தடங்களையும் கெடுப்பது பிளவன்று, மிகை.