மின்முனையின் கீழ் ஒலித்த பாட்டு

அறுவை அறையில் கிராமபோன் ஏதும் இல்லை. ஆயினும் மேசைமீது விழிப்புடன் கிடந்த இளம்பெண், யாரோ அதைச் சுழலவிட்டிருப்பதாகவே நம்பினார். மூளையின் மேற்பரப்பில் மின்முனையை வைத்தால் பாட்டு எழும், எடுத்தால் நிற்கும். மீண்டும் அதே புள்ளியில் வைத்தால் முன்பு தொடங்கிய இடத்திலிருந்தே தொடங்கும். அவர் கூடவே முனகியும் காட்டினார்.

மொன்றியால் நரம்பியல் நிறுவனத்தை 1934-இல் தோற்றுவித்த வைல்டர் பென்ஃபீல்ட், வலிப்புநோயாளரின் மூளையில் நோயின் ஊற்றுக்கண்ணைத் தேடியே மின்முனையை எடுத்தார். மூளைக்கு வலியுணர்வு கிடையாது. தலைத்தோலை மரக்கச்செய்தால் போதும், நோயாளி பேசிக்கொண்டேயிருப்பார். பதில் கிடைத்த புள்ளிகளில் எண்ணிட்ட சிறு காகிதத் துண்டுகளை வைப்பார்கள். சில சமயம் மின்னோட்டமே செலுத்தாமல், செலுத்துவதாக மட்டும் சொல்லிப் பார்ப்பார் பென்ஃபீல்ட். அப்போது நோயாளிக்கு ஒன்றும் கேட்காது. நோயாளி கற்பனை செய்கிறார் என்ற ஐயத்துக்கு இந்தச் சிறு பொய்யே நல்ல விடை என்று நமக்குத் தோன்றுகிறது.

கேள்விப்புலனின் முதன்மைப் பகுதியைத் தொட்டால் ரீங்காரமும் தட்டலும்தான் கேட்கும். பொட்டெலும்பின் உட்புறமுள்ள மடலில் சற்றே விலகித் தொட்டால் இசையும் மனிதக் குரலும் வரும். வாழ்நாள் முழுவதும் கேட்டவை சிதையாமல் மூளையில் பதிந்துள்ளன என்று இதிலிருந்து முடிவுகட்டினார் பென்ஃபீல்ட். இங்கே அவர் கண்டதைவிட அதிகம் சொல்லிவிட்டார் என்றே கருதுகிறோம். பெரோவுடன் சேர்ந்து 1963-இல் அவரே வெளியிட்ட கணக்கின்படி, அம்மடலைத் தூண்டிய 520 பேரில் 40 பேருக்கே இத்தகைய அனுபவம் நேர்ந்தது. அனைவரும் வலிப்பு கண்ட மூளையினர்.

1985-இல் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் கூட்டாளிகளும் மண்டையோட்டைத் திறக்காமலே காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டிக் காட்டினர். யேல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ஹாஃப்மன், 2000-இல் வெளியான ஆய்வில், கேள்வி எதிர்த்திசையில் திரும்பியது. குரல்கள் ஓயாது கேட்கும் மனச்சிதைவு நோயாளருக்கு, இடப்புறத்தில் நொடிக்கு ஒரு துடிப்பாகச் செலுத்தினால் அக்குரல்கள் தணியுமா? தணிந்தன; வழக்கமான மருந்துக்கு அடங்காதவை அவை. அங்கும் சிறு பொய்யொன்று தேவைப்பட்டது: ஒப்பீட்டுக்காகச் சுருளைச் சாய்த்துப் பிடித்தார்கள், சொடக்கொலி மட்டும் கேட்கும். ஆனால் 2011-இல் வெளியான நெதர்லாந்துச் சோதனையில், மெய்த்தூண்டல் பெற்றவர்க்கும் பொய்த்தூண்டல் பெற்றவர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.