கடை கைமாறும்போது தரகர் யார்? ரெரா சட்டத்தின் 9ஆம் பிரிவும் சிம்மக்கல் வழக்கமும்

கடைகளைக் கைமாற்றிவிடும் தரகர் ரெராவில் பதிவு செய்யாமல் தொழில் நடத்தினால் சட்டத்தை மீறியவராகிறார் என்பது அண்மைக்காலச் சட்ட எழுத்துகளில் ஏறக்குறைய முடிந்த முடிபாகிவிட்டது. வாதம் எளிமையானது. ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், தரகர், இடைத்தரகர் என எப்பெயரால் அழைக்கப்பட்டாலும் அவரை முகவர் என்றே கொள்கிறது. அதே சட்டம் அடுக்ககம் என்பதற்குள் கடை, ஷோரூம், கிட்டங்கி எல்லாவற்றையும் அடக்குகிறது. ஆகவே மதுரை சிம்மக்கல்லில் ஒரு மளிகைக் கடையைப் பேசி முடித்துக் கமிஷன் வாங்குபவரும் பதிவு வளையத்துக்குள் வந்துவிடுகிறார் என்கிறார்கள். இந்த வாசிப்பு தவறானது என்று கருதுகிறேன். அதற்காக, தரகருக்கு எந்தத் தகுதியும் வேண்டியதில்லை என்ற எதிர்முனைக்கும் போகவேண்டியதில்லை. அவரிடம் சட்டம் எதிர்பார்க்கும் திறன் 1872லேயே எழுதப்பட்டுவிட்டது. உரிமத்தைத் தேடும் ஆர்வத்தில் அந்த ஏட்டை யாரும் புரட்டவில்லை.

சிம்மக்கல், யானைக்கல் பக்கம் ‘கடை விலைக்கு வருது’ என்றால் கைமாறுவது என்ன? பழ வியாபாரத்தின் பெரும்பகுதி மாட்டுத்தாவணிக்குப் போன பிறகும் இந்தத் தெருக்களில் கடைகள் கைமாறுவது நிற்கவில்லை. கட்டடம் ஒருவருடையது, வியாபாரம் இன்னொருவருடையது என்பது இங்கே சாதாரணம். அப்படிப்பட்ட இடத்தில் விற்பனைக்கு வருபவை ரேக், கல்லா, தராசு, இருப்புச் சரக்கு, பெயர்ப்பலகை, வாடிக்கை, கட்டட உரிமையாளரிடம் கிடக்கும் அட்வான்ஸ், பிறகு ‘குட்வில்’ என்று ஒரு வரியில் எழுதப்படும் தொகை ஆகியவைதான். அந்த ஒரு வரித் தொகை சில சமயம் மற்ற எல்லாவற்றின் கூட்டுத்தொகையையும் தாண்டும். கட்டடம் மட்டும் அசையாமல் பழைய உரிமையாளரிடமே இருக்கும்.

இந்த நடைமுறையை மனத்தில் வைத்துக்கொண்டு 2ஆம் பிரிவின் ‘இசட் எம்’ உட்பிரிவைப் படிக்கவேண்டும். அதற்கு மூன்று கிளைகள் உண்டு. முதலாவது, ஒரு ரியல் எஸ்டேட் திட்டத்தில் உள்ள மனை, அடுக்ககம் அல்லது கட்டடத்தை விற்பனை வழியாக மாற்றித்தர ஒருவர் சார்பில் பேசி ஊதியம் பெறுபவரைக் குறிக்கிறது. இரண்டாவது, வாங்குபவரையும் விற்பவரையும் எந்த ஊடகத்தின் வழியாகவேனும் அறிமுகப்படுத்துபவரைச் சேர்க்கிறது. மூன்றாவதில்தான் எப்பெயரால் அழைக்கப்படும் தரகரும் என்ற விரிவு வருகிறது. ‘திட்டத்தில் உள்ள’ என்ற நிபந்தனை முதற்கிளையில் மட்டுமே இருப்பதைப் பதிவு தேவை என்போர் பெரிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டாம் கிளையில் அதை நாடாளுமன்றம் வேண்டுமென்றே விட்டிருக்கிறது, ஆகவே அறிமுகத் தரகர் எல்லோரும் சிக்கிக்கொண்டார்கள் என்பது அவர்கள் முடிவு. வாதத்துக்காக இதை ஏற்றுக்கொள்வோம். அப்போதும் இரண்டாம் கிளை பேசுவது மனை, அடுக்ககம் அல்லது கட்டடத்தின் விற்பனையையும் வாங்கலையும்தான். மேலே சொன்ன கைமாற்றத்தில் கட்டடத்தை யாரும் விற்கவில்லை. வரையறையின் மிக அகலமான கிளையிலேயே நம் தரகர் நிற்கவில்லை.

கட்டடமும் சேர்ந்து விற்கப்படும் கடைகள் இல்லையா? உண்டு. அங்கேதான் உண்மையான சிக்கல் எழுகிறது. அந்த நேர்வில் தரகர் வரையறைக்குள் வரக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வரையறைக்குள் வருவது ஒன்று, தடைக்குள் வருவது மற்றொன்று. பதிவின்றித் தொழில் செய்யக்கூடாது என்ற தடை 9ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில் இருக்கிறது. அந்தத் தடை வரையறையைவிடக் குறுகலானது. விற்கப்படும் சொத்து ரியல் எஸ்டேட் திட்டத்தைச் சேர்ந்திருக்கவேண்டும். அந்தத் திட்டமோ அதன் பகுதியோ 3ஆம் பிரிவின்படி பதிவானதாக இருக்கவேண்டும். ஒரு திட்டமிடு பகுதிக்குள், அதை மேம்பாட்டாளர் விற்பதாக இருக்கவேண்டும். இத்தனையும் கூடினால்தான் தடை. வடக்கு மாசி வீதிப் பக்கம் மூன்று தலைமுறையாக நிற்கும் ஒரு கட்டடத்தை அதன் சொந்தக்காரர் விற்றால், அவர் மேம்பாட்டாளரும் அல்லர், அது பதிவான திட்டமும் அன்று. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்துக்கும் எட்டுக்கு மேற்படாத அடுக்ககங்களுக்கும் 3ஆம் பிரிவே பதிவு விலக்குத் தருகிறது. நகரின் பழைய வீதிகளில் 500 சதுர மீட்டரைத் தாண்டும் கடை மனைகள் எத்தனை இருக்கும் என்பதை மதுரையை நடந்து பார்த்தவர்கள் ஊகிக்கலாம்.

10ஆம் பிரிவும் இதே பாதையில்தான் போகிறது. பதிவு பெற்ற முகவர் செய்யக்கூடாதவற்றை அது பட்டியலிடும்போது, மேம்பாட்டாளர் விற்கும் பதிவில்லாத திட்டங்களுக்கு உதவக்கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறது. 62ஆம் பிரிவின் தண்டம், அதாவது மீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய், உச்சவரம்பாகச் சொத்து மதிப்பில் 5 விழுக்காடு, இந்த 9, 10ஆம் பிரிவுகளை மீறியவர்களுக்கானது. வரையறையை மட்டும் எடுத்துக்கொண்டு தண்டப் பிரிவுக்குத் தாவுபவர்கள், நடுவில் நிற்கும் 9ஆம் பிரிவைத் தாண்டிக் குதிக்கிறார்கள். தண்டம் விதிக்கும் பிரிவைக் குறுக்கியே படிக்கவேண்டும் என்ற பழைய நெறியை இங்கே துணைக்கு அழைக்கவேண்டியதுகூட இல்லை, சட்டம் தானே குறுக்கி எழுதியிருக்கிறது.

ஆனால் மகாராஷ்டிரம் தரகருக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கிவிட்டதே என்பார்கள். 2023 ஜனவரியில் அம்மாநில ரெரா ஆணையம் அப்படி உத்தரவிட்டது உண்மை. அந்தத் தகுதிச் சான்று 9ஆம் பிரிவின் கீழ் பதிவு பெறுபவருக்கானது. பிரிவுக்கு வெளியே நிற்பவரை அது உள்ளே இழுக்காது. அமெரிக்க முன்மாதிரிகளைக் காட்டுபவர்களுக்கும் ஒரு சொல். கலிபோர்னியாவில் நடப்புத் தொழிலை விற்றுத்தரும் தரகருக்கு ரியல் எஸ்டேட் உரிமம் வேண்டும். ஆனால் அங்கே சட்டம் வணிக வாய்ப்பின் விற்பனையைப் பெயர் சொல்லியே அந்த உரிமத்துக்குள் வைத்திருக்கிறது. இல்லினாய் 1995இல் தொழில் தரகர்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றிப் பதிவை ஏற்படுத்தியது. நம் சட்டம் இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. போயிருக்கவேண்டும் என்று விரும்பலாம், போய்விட்டதாகப் படிக்கக்கூடாது. கம்பெனிப் பங்குகளாகத் தொழில் கைமாறினால் செபி வருமே என்ற கேள்வியை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை. சிம்மக்கல் கடைகளில் கைமாறுவது பெரும்பாலும் தனியுடைமையும் கூட்டு வணிகமும்தான்.

அப்படியென்றால் தரகரின் தகுதியைச் சட்டம் எங்கே பேசுகிறது? 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 212ஆம் பிரிவில். அதே போன்ற தொழிலில் ஈடுபட்டிருப்பவர்களிடம் பொதுவாக உள்ள அளவு திறனோடு முகவர் காரியம் நடத்தவேண்டும். அவருக்கு அந்தத் திறன் இல்லையென்று அமர்த்தியவருக்கு முன்பே தெரிந்திருந்தால் மட்டும் விலக்கு. ஆனால் நியாயமான கவனத்தோடு நடப்பதும், தன்னிடமுள்ள திறனைப் பயன்படுத்துவதும் எப்போதும் கட்டாயம். கவனக்குறைவாலும் திறனின்மையாலும் நேரடியாக விளைந்த நட்டத்தை அவர் ஈடுசெய்யவேண்டும். ‘எப்போதும்’ என்ற அந்தச் சேர்க்கை முக்கியமானது. ‘எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே, ஆளைக் காட்டிவிட்டதோட சரி’ என்று சொல்லி முதல் கடமையிலிருந்து வேண்டுமானால் நழுவலாம், இரண்டாவதிலிருந்து முடியாது.

இந்தப் பிரிவைத் திறனுக்கான வெற்றுப் பொதுமொழியாகக் கடந்துபோவது வழக்கம். அதன் கீழுள்ள எடுத்துக்காட்டுகளை யாரும் நின்று படிப்பதில்லை. கடனுக்கு விற்க அதிகாரம் பெற்ற ஒரு முகவர், வாங்குபவரின் நாணயத்தைப் பற்றி உரிய, வழக்கமான விசாரணை செய்யாமல் விற்றுவிடுகிறார். வாங்கியவர் அப்போதே திவாலானவர். முகவர் ஈடுகட்டவேண்டும். இன்னொன்று நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அங்கே வருபவர் தரகரே. கப்பலுக்குக் காப்பீடு எடுத்துத்தர அமர்த்தப்பட்ட காப்பீட்டுத் தரகர், வழக்கமான ஷரத்துகள் பாலிசியில் இருக்கின்றனவா என்று பார்க்கத் தவறுகிறார். கப்பல் மூழ்குகிறது, பணம் கிடைக்கவில்லை, நட்டம் தரகர் தலையில். இந்த இரண்டிலும் உரிமம் பெற்றவரா என்று யாரும் கேட்கவில்லை. வழக்கமான விசாரணை நடந்ததா, வழக்கமான ஷரத்து இடம்பெற்றதா என்பவையே கேள்விகள்.

கடைக் கைமாற்றத்தில் வழக்கமான ஷரத்து எது? விற்றவர் அடுத்த மாதமே எதிர்வரிசையில் கடை போட்டால் குட்வில்லுக்குக் கொடுத்த தொகை காற்றோடு போகும். வணிகத் தடை ஒப்பந்தங்களைச் செல்லாதவையாக்கும் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, நற்பெயரை, அதாவது குட்வில்லை, விற்பவருக்கு மட்டும் விலக்குத் தருகிறது. குறிப்பிட்ட ஊர் எல்லைக்குள் அதே தொழிலை நடத்தமாட்டேன் என்று அவர் ஒப்புக்கொண்டால் செல்லும், எல்லை நியாயமானதாக இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. ஆகவே பத்திரத்தில் அந்த வரி இருக்கவேண்டும், எல்லையும் சொல்லப்படவேண்டும். ‘மதுரைக்குள் போடமாட்டேன்’ என்று எழுதுவதும் ‘சிம்மக்கல், யானைக்கல், நெல்பேட்டைப் பகுதிக்குள்’ என்று எழுதுவதும் ஒன்றல்ல. இந்த வரியை எழுதச் சொல்லாத தரகரை மேற்கண்ட காப்பீட்டுத் தரகரோடு ஒப்பிடத் தயங்கமாட்டேன்.

வழக்கமான விசாரணைகள் இன்னும் கூர்மையானவை. மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 85ஆம் பிரிவு, தொழில் எவ்வழியில் கைமாறினாலும் அதுவரையிலான வரி, வட்டி, தண்டத்துக்கு விற்றவரையும் வாங்கியவரையும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாக்குகிறது. கைமாறிய பிறகு தீர்மானிக்கப்படும் பாக்கிக்கும் இது பொருந்தும். ஜி.எஸ்.டி. கணக்கைப் பார்க்காமல் கடை வாங்கியவர், தான் பார்த்தேயிராத ஆண்டுகளின் பாக்கிக்கு நோட்டீஸ் வாங்கலாம். அடுத்தது வாடகை. 1960ஆம் ஆண்டுக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், உரிமையாளரின் எழுத்துமூலமான இசைவில்லாமல் குத்தகை உரிமையை மாற்றுவது வெளியேற்றத்துக்குக் காரணமாக இருந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டமும் எழுத்துமூல இசைவை விடவில்லை. கோயில் இடமாயிருந்தால் கவலை கூடும். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு அறநிலையத்துறை ஆணையரின் ஒப்புதல் வேண்டும் என்று 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. உணவுக் கடையானால் விற்றவர் பெயரிலுள்ள உணவுப் பாதுகாப்பு உரிமம் வாங்குபவரோடு கூடவே வந்துவிடாது. இவற்றில் எதற்கும் வக்கீல் படிப்பு தேவையில்லை. கேட்கத் தெரிந்தால் போதும், கேட்கவேண்டும் என்று தெரிந்திருக்கவேண்டும்.

அறிமுகம் மட்டும் செய்பவர் முகவரே அல்லர், ஆகவே 212 அவரைத் தொடாது என்ற மறுப்பு வலுவானது போலத் தோன்றும். ஒப்பந்தச் சட்டத்தின் 182ஆம் பிரிவு, பிறருக்காக ஏதேனும் செயலைச் செய்ய அமர்த்தப்பட்டவர், அல்லது மூன்றாமவரோடு நடக்கும் காரியங்களில் பிறரின் சார்பாக நிற்பவர் என்று இருவகையாகச் சொல்கிறது. முன்பாதியே போதுமானது. ஆள் தேடித்தருவதும் ஒரு செயல்தான். இதுபற்றி நீதிமன்றங்கள் ஒவ்வொரு நேர்வையும் அதனதன் சான்றில் வைத்துத் தீர்மானிக்கவேண்டியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் விலை பேசி, அட்வான்ஸை எண்ணிக் கொடுத்து, பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்தும் போட்டவர், வெறும் அறிமுகம்தான் செய்தேன் என்று வாதாடினால் அதை நம்ப நான் தயாராயில்லை. தரகர் விற்பவரின் ஆள், வாங்குபவர் மேல் அவருக்குக் கடமையில்லை என்பதும் சிம்மக்கல்லில் நிற்காது. கமிஷன் இரு பக்கமும் வாங்கப்படும் இடத்தில் கடமையும் இரு பக்கமும் போகும். இதுவரை யாரும் வழக்குப் போடவில்லையே என்பது வாதமே அல்ல.

திறனின் அளவுகோல் ‘பொதுவாக உள்ள’ திறன் என்பதால், தரகர்கள் எல்லோரும் ஒன்றும் தெரியாதவர்களாயிருந்தால் அளவுகோலும் தாழ்ந்துவிடாதா? இந்த ஒரு மறுப்பைத்தான் நான் மெய்யாகவே கனமானதாக எடுத்துக்கொள்கிறேன். பிரிவில் அந்தப் பலவீனம் உண்டு. ஆனால் அதை நிமிர்த்தச் சட்டமன்றத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. 1924 முதல் மதுரையில் இயங்கும் தமிழ்நாடு தொழில் வர்த்தகச் சங்கம் போன்ற ஓர் அமைப்பு, கடைக் கைமாற்றத்துக்கான மாதிரிப் பத்திரத்தையும் கேட்கவேண்டிய கேள்விகளையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டுப் பரப்பட்டும். போட்டித் தடைக்கான எல்லை, வரிப் பாக்கிக்கு விற்பவரின் உறுதி, உரிமையாளரின் இசைவுக் கடிதம் எல்லாம் அதில் இடம்பெறட்டும். அதன்பின் அந்த வரிகளை விட்டுவிட்ட தரகரால், தொழிலில் எங்கும் இப்படி ஒரு வழக்கம் இல்லை என்று சாட்சிக் கூண்டில் சொல்லமுடியாது. வணிகப் பயிர்ச் சந்தைகளுக்கான 1933ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் முதலாக நாம் கண்ட உரிமங்கள் பெரும்பாலும் கட்டணத்தையும் கணக்கையும் ஒழுங்குபடுத்தின. ஒரு கட்டணச் சீட்டு செய்யாத வேலையை அச்சிட்ட அந்த ஒற்றைத் தாள் செய்யக்கூடும்.

எஞ்சுவது ஒரு கேள்வி. 212ஆம் பிரிவு அதே போன்ற தொழிலில் இருப்பவர்களை அளவுகோலாக்குகிறது, அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று சொல்லவில்லை. சென்னையின் பெருநிறுவனக் கைமாற்றங்களைப் பேசி முடிப்பவர்களின் திறனைக் கொண்டு சிம்மக்கல் தரகரை அளக்கலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். மளிகைக் கடையின் கைமாற்றமும் ஆலையின் கைமாற்றமும் ஒரே போன்ற தொழில் அல்ல. ஆனால் மேலே சொன்ன மூன்று வரிகளைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு தரகருக்கு உதவாது. 27, 85 ஆகிய பிரிவுகள் கடையின் அளவைப் பார்த்துப் பேசுவதில்லை.