டேனிஷ் தேக்கு மேசை: தேய்த்தால் போச்சு

1950, 60களில் டென்மார்க்கில் செய்யப்பட்ட தேக்கு எழுது மேசைகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகின்றனர். சிபாஸ்ட் நிறுவனத்துக்கு ஆர்னே வோடர் வடிவமைத்தவை அவற்றுள் பெயர் பெற்றவை. மரம் என்னவோ நம் பக்கத்துச் சரக்குதான். தாய்லாந்து போன்ற நாடுகளிலிருந்து கப்பலேறிப் போனது.

மேற்பலகை முழுத் தேக்கு என்று பலர் நினைக்கின்றனர். பெரும்பாலானவற்றில் வேறு பலகையின் மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய தேக்குத் தகடு ஒட்டப்பட்டிருக்கும்; ஓரக்கட்டை மட்டுமே முழுத் தேக்கு. இதை ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. அகலமான முழுப்பலகை ஈரத்தில் வளையும், இது அவ்வளவாக வளையாது. ஆனால், புதுப்பிக்கிறோம் என்று இயந்திரம் வைத்துத் தேய்த்தால் சில நிமிடங்களில் தகடு போய்விடும், மேசையின் விலையும் கூடவே போகும். துணியால் துடைத்து, எண்ணெய் பூசிய மேசையென்றால் சிறிது தேக்கு எண்ணெய் தடவினால் போதும்.

வாங்கும்போது லாச்சிகளை இழுத்துப் பார்ப்பதோடு பின்பக்கத்தையும் பாருங்கள். அறை நடுவில் போடுவதற்காகப் பின்னாலும் புத்தக அடுக்கு வைத்தவை உண்டு.

இதே பாணி மேசைகள் பிரேசில் ரோஸ்வுட்டிலும் வந்தன. அம்மரம் 1992 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் உள்ளது. உரிய பத்திரமில்லாமல் எல்லை தாண்டினால் மேசை பறிமுதலாகலாம்.